மேடில்லாத போர்க்களம்

‘பொன்னியின் செல்வன்’ நாவலில் என்னை நெடுநாள் விடாமல் பிடித்துவைத்திருந்த போர், நாவல் நடக்கும் காலத்தில் நடந்ததே அல்ல. கதைக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷம் முன்னால் முடிந்துபோனது. திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே ஆழ்வார்க்கடியான் ஒளிந்து நின்று சதிகாரர்களின் பேச்சைக் கேட்கிறான். அந்தப் பள்ளிப்படை அங்கே ஏன் இருக்கிறது என்று சொல்வதற்காகக் கல்கி கதையைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு, சில பத்திகளில் ஒரு பெரும்போரைச் சொல்லி முடித்துவிடுகிறார். ஒரு பக்கம் வரகுண பாண்டியன். மறுபக்கம் பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பிருதிவீபதி, கூடவே சின்னதாக ஒரு சோழப்படையோடு ஆதித்தன். பிருதிவீபதி விழுகிறான், படை கலைகிறது, பின்வாங்கலாம் என்று பேச்சு எழுகிறது. அப்போது ஆதித்தனின் தகப்பன் விஜயாலயன் வருகிறான். கிழவன். உடம்பெல்லாம் பழைய தழும்பு. நடக்க முடியாது. யானை கேட்கிறான், இல்லை. குதிரை கேட்கிறான், இல்லை. தூக்கிப்போக ரெண்டு ஆளாவது உண்டா என்று கேட்கிறான். ரெண்டு பேர் தோளில் ஏறிக்கொண்டு, ரெண்டு கையிலும் வாளைச் சுழற்றியபடி பாண்டியப் படைக்குள் புகுகிறான். போர் திரும்புகிறது.

இதை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டில் ஒரு சினாரியோவாகச் செய்தேன். சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து, எட்டு மாதம். அந்த விளையாட்டு 1999ல் வந்தது. எங்கள் தலைமுறையில் இன்ஜினியரிங் விடுதியில் இருந்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அடுத்த அறையிலிருந்து கேட்கும் குதிரைக் குளம்படிச் சத்தம் போதும். ஆனால் அதனுள்ளேயே ஒரு எடிட்டர் இருப்பது விளையாடியவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நிலத்தை வரையலாம், ஆறு வெட்டலாம், படைகளை நிறுத்தலாம், ‘இது நடந்தால் அது நடக்கட்டும்’ என்று டிரிக்கர் எழுதலாம். அந்த டிரிக்கர்கள்தான் கதை. நிரலாளனுக்குப் பழக்கமான சங்கதி: ஒரு நிபந்தனை, ஒரு விளைவு.

2022 ஏப்ரலில் இந்த விளையாட்டுக்கு ‘டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர்கள் என்று ஒரு புதிய நாகரிகம், முதலாம் ராஜேந்திரனை வைத்து ஒரு தொடர். காலாட்படையும் கப்பலும் அவர்களுடைய பலம். ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது நான் கேமை நிறுத்திவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். சந்தோஷம்தான். ஆனால் திருப்புறம்பயத்தை எடுத்துக்கொண்டால் பாண்டியன், பல்லவன், சோழன், கங்கன் என்று நாலு பேரும் திராவிடர்கள். நாலு படைக்கும் ஒரே வாள்வீரன், ஒரே யானை, ஒரே குரல். வித்தியாசம் முதுகுத் துணியின் நிறத்தில் மட்டும். கன்னடக்காரனான கங்கனும் தமிழில்தான் பதில் சொல்வான். இதை ஒரு குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 880 வாக்கில் மண்ணியாற்றங்கரையில் நின்று பார்த்த ஒரு குடியானவனுக்கும் அதுதானே தெரிந்திருக்கும்? ஒரே மாதிரி ஆட்கள், வேறு வேறு கொடி.

முதலில் நிலம்.

திருப்புறம்பயம் கும்பகோணத்துக்கு வடமேற்கே, சுவாமிமலையிலிருந்து இன்னம்பூர் வழியாகப் போனால் வந்துவிடும். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, ஊரை ஒட்டி மண்ணியாறு. பைக்கில் இரண்டு மூன்று தடவை சுற்றிவந்தேன். சாட்சிநாதர் கோயில் வாசலில் நின்று நாலு திசையும் பார்த்தால் எதுவுமே தெரியாது. தென்னை, மூங்கில், வாழை, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் மறுபடி தென்னை. படைத்தலைவன் ஏறி நின்று பார்ப்பதற்கு ஒரு குன்று கிடையாது. உலகத்தில் எழுதப்பட்ட போர்க்கதைகளில் பாதி, மேட்டை யார் முதலில் பிடித்தார்கள் என்பதில்தான் முடிகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் அந்தக் கணக்கு உண்டு: மேட்டிலிருந்து கீழே அடித்தால் அடி கால் பங்கு கூடும், கீழிருந்து மேலே அடித்தால் கால் பங்கு குறையும். மேடே இல்லாத நிலத்தில் இந்தக் கணக்கை என்ன செய்வது?

டெல்டாவில் மேடு உண்டு, ஆனால் அது கரை. ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, குளக்கரை. அப்புறம் ஊர் உட்கார்ந்திருக்கும் திடல். இவ்வளவுதான். ஒரு ஆள் உயரம் இருக்கும், சில இடத்தில் இரண்டு ஆள். எடிட்டரில் நிலத்தின் உயரத்தைப் படிப்படியாக ஏற்றலாம். 168க்கு 168 கட்டம் கொண்ட வரைபடம் முழுவதையும் சமதளமாக வைத்துவிட்டு, மண்ணியாற்றின் இரு கரைகளையும் ஏழெட்டு வாய்க்கால்களின் கரைகளையும் மட்டும் ஒரே ஒரு படி உயர்த்தினேன். மேலே சிறு கோடுகளாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் விளையாடிப் பார்த்தபோது அந்தக் கோடுகள்தான் போரை முடிவு செய்தன. கரையில் நின்ற ஐம்பது பேர் வயலில் நின்ற எண்பது பேரைத் தடுத்தார்கள். படைகள் ஒன்றோடொன்று நேராக மோதாமல், கரை கரையாக நகர்ந்து சண்டை போட்டன. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல இது. நிலத்தை அப்படியே வைத்தால் தானாக வருகிறது.

பல நூற்றாண்டு கழித்து இதே பக்கத்தில் நடந்த ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1781ல் ஹைதர் அலியின் படை தஞ்சாவூர்ச் சீமைக்குள் வந்தது. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தையொட்டி அன்னக்குடியில், கர்னல் பிரெய்த்வெயிட்டின் கம்பெனிப் படையைத் திப்பு சூழ்ந்து தோற்கடித்தான். டெல்டாக்காரர்கள் ஞாபகம் வைத்திருப்பது அந்தச் சண்டையை அல்ல. வயலும் ஆடுமாடும் பாசனமும் போனதையும், ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பிப்போனதையும்தான். தமிழில் ரொம்பப் பழசான எதையும் ஹைதர் காலத்தது என்று இன்னும் சொல்கிறோம். இந்த நிலத்தில் படையைவிடக் கரைக்குத்தான் உயிர். கரை உடைந்தால் எந்த ராஜா ஜெயித்தாலும் அந்த வருஷம் சோறு இல்லை.

அடுத்தது சேறு. இந்த விளையாட்டில் நிலத்தின் தன்மைக்கும் நடையின் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. மணலோ, புல்லோ, பனியோ, ஆள் ஒரே வேகத்தில் நடப்பான். எடிட்டரில் நெல்வயல் என்றே ஒரு நிலப்பரப்பு இருக்கிறது, பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும், ஆனால் அதில் குதிரை தார்ரோட்டில் போவது மாதிரி போகும். தொளியில் ஒருமுறை கால் வைத்தவனுக்கு இது பொறுக்காது. அதனால் வயல்கள் மேல் பரப்புகளைக் குறித்து, ஒவ்வொரு நொடியும் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு டிரிக்கர் போட்டேன்: இதற்குள் இருக்கும் ஆளின் வேகம் பாதி, குதிரையின் வேகம் மூன்றில் ஒன்று, வெளியே வந்தால் பழையபடி. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பரப்புகள். அலுவலகத்தில் யாராவது இப்படி நிரல் எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சேறு இருக்கிறதா இல்லையா என்பது மாதத்தைப் பொறுத்தது. மாதத்தை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். அப்பா இன்னமும் சாகுபடி பார்க்கிறார். லேப்டாப்பைத் திண்ணையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“மாசி பங்குனில வந்தான்னா சண்டைக்கு வந்திருக்கான் தம்பி. அறுப்பு முடிஞ்சு வயலு காஞ்சு கெடக்கும், யானை நடக்கும், வண்டி போவும். நெல்லு பூரா வீட்டுல இருக்கும், அள்ளிக்கிட்டும் போவலாம். ஐப்பசி கார்த்தியில ஒருத்தன் வந்தான்னா அவன் சண்டைக்கு வரல. அழிக்க வந்திருக்கான்.”

கொஞ்சம் கழித்துத் திரையில் விரலை வைத்து, “இதுல ஆளுங்க எங்க?” என்றார்.

“இவங்கதான்பா, படை.”

“அது சரி. வயலு இருக்கு, நட்டுருக்கு, பச்சையா நிக்கிது. நட்டவங்க எங்க?”

எங்கள் மொழியில் களம் என்றால் நெல் அடிக்கும் இடமும்தான், ஆள் சாகும் இடமும்தான். போர் என்றால் யுத்தம், வைக்கோலைக் குவித்து வைத்தாலும் போர். கதிரைப் பிணையல் மாடு விட்டு மிதிப்பது போரடித்தல். சங்கப் பாட்டிலிருந்து பரணி வரைக்கும் புலவர்கள் இந்த இரண்டு களத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாடியிருக்கிறார்கள். யானைகள் எருதுகளாக, வெட்டுண்ட உடல்கள் கதிர்களாக. அரசர்களும் அதைக் கேட்டு மகிழ்ந்து பொன் கொடுத்திருக்கிறார்கள். அந்த உவமையைக் களத்து மேட்டில் நின்ற ஒருவன் கேட்டிருந்தால் ரசித்திருப்பானா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு இலக்கியம் எல்லாம் கிடையாது. அவர் கேட்டது ஆள் கணக்கு.

விளையாட்டில் கிராமத்தான் என்று ஓர் ஆள் உண்டு. மரம் வெட்டுவான், கல் உடைப்பான், தங்கம் தோண்டுவான், வயலில் உழைப்பான். அந்தப் பொருளை வைத்துப் படை எடுக்கலாம். மொத்த விளையாட்டின் அச்சாணியே அதுதான். ஆனால் என் வரைபடத்தில் தங்கம் கிடையாது, கல்லும் கிடையாது. டெல்டாவில் ஏது கல்? தஞ்சாவூர்ப் பெரியகோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. இங்கே இருக்கும் ஒரே செல்வம் நெல், அதைத் தருவது தண்ணீர், அதைக் காப்பது கரையும் மதகும். ஆகவே வரைபடத்தில் எட்டு ஊர்களை வைத்தேன். அவை யார் பக்கமும் இல்லாத தனி ஆட்டக்காரர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மதகு. மதகு யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அந்த ஊரிலிருந்து நெல் வரும். மதகை உடைத்தால் எதிரிக்கு நெல் வராது, தனக்கும் வராது, அந்த ஊரின் வயல்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்த மண்ணாக மாறும். ஆட்டம் முடியும்வரை பச்சை திரும்பாது.

இத்தனையும் செய்த பிறகுதான் விஜயாலயனிடம் வந்தேன்.

தூக்கிச் செல்லப்படும் வீரன் உலக இலக்கியத்துக்குப் புதியவனல்ல. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலேயே 2000த்தில் வந்த ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தில் எல் சிட் தொடரின் கடைசிக் கட்டம் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஐதீகப்படி, வலென்சியா முற்றுகையில் இறந்துபோன எல் சிட்டின் உடலைக் குதிரைமேல் உட்காரவைத்துக் கட்டி வெளியே அனுப்புகிறார்கள். அவன் உயிரோடிருப்பதாக எண்ணி எதிரி மிரள்கிறான். பிணத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது அன்றைக்கு எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஆனால் எல் சிட்டுக்குக் குதிரை போதும். விஜயாலயனுக்கு ரெண்டு மனுஷன் வேண்டும். அந்தக் கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கல்கி குதிரையும் இல்லை யானையும் இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் கிழவனைத் தோளில் ஏற்றுகிறார்.

ஒருவன் இன்னொருவனைத் தோளில் சுமப்பதற்கு இந்த விளையாட்டில் அசைவு கிடையாது. நான் செய்தது இது. விஜயாலயனின் சொந்த வேகம் பூஜ்யம். அவனுக்குப் பக்கத்தில் இரண்டு காலாட்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அவனுக்கு அவர்களுடைய நடைவேகம். இருவரும் விழுந்தால் அவன் விழுந்த இடத்திலேயே நிற்பான். வாள் சுழலும், நகர மாட்டான். வேறு இருவரை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் மறுபடி நகர்வான். உயிர்ப்புள்ளி தொண்ணூற்றாறு. ஒட்டக்கூத்தர் உலாவிலேயே விஜயாலயனுக்குத் தொண்ணூற்றாறு தழும்பு என்று வந்துவிடுகிறது, அந்த எண்ணை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. விளையாட்டுக் கணக்கில் தொண்ணூற்றாறு ரொம்பக் குறைவு. ஒரு சாதாரணக் குதிரைவீரனுக்கே நூறு உண்டு.

சரி, அவன் எப்போது வரவேண்டும்? கதைப்படி, எல்லாம் போய்விட்டது என்னும்போது. அதை நிரலில் எழுதுவது சுலபம்: ஆட்டக்காரனின் படை நாற்பதுக்குக் கீழே போனால் விஜயாலயன் தோன்றட்டும்.

சோதித்துப் பார்க்க என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரனிடம் கொடுத்தேன். அவன் முதல் ஆட்டத்தில் தோற்றான். இரண்டாவதில் விஜயாலயன் வந்ததைப் பார்த்தான், ஜெயித்தான். மூன்றாவது ஆட்டத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் தொடங்கியதும் அறுபது சோழ வீரர்களை ஒரே கும்பலாகத் தேர்ந்தெடுத்து, பாண்டிய யானைப்படைக்கு நேராக அனுப்பிவிட்டு, டீ குடிக்க ஆரம்பித்தான்.

“என்னடா பண்றே?”

“உங்க தாத்தன் வரணும்னா அறுபது பேரு சாகணும், அம்புட்டுத்தான? எதுக்கு மாப்ள அரை மணி நேரம் இழுத்துக்கிட்டு. இப்பவே அங்கிட்டு அனுப்பிவிட்டா வேலை முடிஞ்சுச்சு.”

அவன் மதுரைக்காரன் என்பதால் சோழர்களைச் சாகக் கொடுப்பதில் ஒரு கூடுதல் குஷியும் இருந்தது, அது வேறு. ஆனால் அவன் செய்தது அறிவுள்ள எந்த ஆட்டக்காரனும் செய்வது. கடைசி நேரத்தில் மீட்பன் வருவான் என்று தெரிந்துவிட்டால், கடைசி நேரத்தைச் சீக்கிரம் வரவழைப்பதுதான் புத்திசாலித்தனம். கல்கியின் வாசகனுக்கு இது தோன்றாது, ஏனென்றால் வாசகன் கையில் சுட்டி இல்லை, வாராவாரம் காத்திருப்பான். 1950லிருந்து 1954 வரை ‘கல்கி’ இதழில் அந்த நாவல் வெளிவந்தபோது அப்படித்தான் ஒரு தலைமுறை காத்திருந்தது. வரலாற்றில் எங்காவது ஒரு தளபதிக்கு இது தோன்றியிருக்கும். அறுபது பேர் செத்தால் பின்னால் ஒரு பெரிய பாட்டு வரும் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்களா என்ன.

அந்த டிரிக்கரை எடுத்துவிட்டேன். நேரக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இருபதாவது நிமிஷம் பஸ் மாதிரி வந்து நிற்கும் விஜயாலயன் எதற்கு? கல்கியின் பத்திகளை மறுபடி படித்தேன். கிழவன் வருவது ஆட்கள் செத்ததால் அல்ல, பின்வாங்கும் பேச்சு எழுந்ததால். அங்கே பின்வாங்கக்கூடிய ஒரு படை மிச்சம் இருக்கிறது. ஆகவே நிபந்தனையைத் தலைகீழாக்கினேன். ஆட்டக்காரன் ஆதித்தனை அழைத்துக்கொண்டு கொள்ளிடத்துத் துறைக்கு வரவேண்டும், பின்வாங்குவதற்காக. அப்போது கூட எத்தனை பேர் உயிரோடு வருகிறார்களோ, அவர்கள் முன்னால் விஜயாலயன் தோன்றுவான். இரண்டு பேர் கேட்பான். எத்தனை பேரைக் காப்பாற்றிக் கூட்டிவந்தாயோ அத்தனை பேரும் அவனுக்குத் தோள்.

இப்போது நண்பர்கள் ஏழு பேர் விளையாடியிருக்கிறார்கள். இரண்டு பேர்தான் விஜயாலயனைப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒருவன் சினாரியோவில் இருப்பதே தெரியாது. கடைசி ஆள் வரைக்கும் மண்ணியாற்றங்கரையில் நின்று சண்டை போட்டு, அடுத்த தடவை இன்னும் வேகமாகச் சண்டை போட்டார்கள். பின்வாங்குவது என்பதே விளையாட்டுக்காரர்களின் மனதில் இல்லை. நானும் துப்பு எதுவும் வைக்கவில்லை. ஆதித்தன் முகாமில் நிற்கும் ஒரு கிழவர் மட்டும் ‘கொள்ளிடத்துல இப்ப முழங்கால் தண்ணிதான்’ என்று ஒரு தடவை சொல்வார்.

இதுவரைக்கும் கல்கி. இதற்கப்பால் ஒரு செப்பேடு இருக்கிறது.

திருப்புறம்பயம் போரை நேராகச் சொல்லும் சான்று உதயேந்திரம் செப்பேடு. பிருதிவீபதியின் பேரன் இரண்டாம் பிருதிவீபதி, முதலாம் பராந்தக சோழனின் 15-ம் ஆட்சியாண்டில் கொடுத்தது. அதில் ஸ்ரீபுறம்பியம் போரில் பாண்டியன் வரகுணனை வென்று, தன் உயிரைக் கொடுத்து, தன் நண்பனுக்கு அபராஜிதன் என்ற பெயரை உண்மையாக்கிவிட்டு விண்ணுலகம் போனான் என்று தாத்தாவைப் பேரன் சொல்கிறான். அபராஜிதன் என்றால் தோற்காதவன். நண்பன் பெயர் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக ஒருவன் செத்தான் என்று படிக்கும்போது எனக்கு விஜயாலயனைவிட இவன் மேல்தான் மனசு போனது. அந்த இடத்தில் சோழன் பெயர் இல்லை. இத்தனைக்கும் பேரன் அப்போது சோழனுக்குக் கீழேதான் இருக்கிறான்; சோழனையும் சேர்த்துப் பாடியிருந்தால் லாபமே தவிர நஷ்டமில்லை. ஆதித்தன் பல்லவன் பக்கம் இருந்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் சூழ்நிலையை வைத்துச் சேர்த்தது. தோளில் ஏறி வந்த கிழவன் கல்கி சேர்த்தது. கல்கியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எந்தச் செப்பேடும் பள்ளிக்கூடத்துப் பையனைத் திருப்புறம்பயத்துக்கு பைக் ஓட்டிக்கொண்டு போக வைக்காது.

மதுரைக்காரன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப எங்காளு கதைய யாரு சொல்றது?” என்றான். நியாயம்தான். வரகுணனுக்குக் கதை இல்லாமலில்லை. திருவிளையாடல் புராணத்தில் வரகுண பாண்டியன் படையெடுத்து வந்த சோழனைத் துரத்திக்கொண்டே காவிரிக்கரை வரை வருகிறான். திருவிடைமருதூரில் கிழக்கு வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழைகிறான். அவன் குதிரையின் காலடியில் தெரியாமல் ஒரு பிராமணன் மிதிபட்டுச் செத்திருந்தான். அந்தப் பிரம்மஹத்தி அவனை விடாமல் தொடர்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் அது நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிட, வரகுணன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிப் போய்விடுகிறான். கிழக்கு வாசலில் அது இன்னும் காத்துக்கொண்டிருப்பதாக ஐதீகம். வந்த வழியே திரும்பாதே என்று அங்கே போகிறவர்களுக்குச் சொல்வார்கள். திருப்புறம்பயத்திலிருந்து திருவிடைமருதூர் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். எந்த வரகுணன், எந்தப் படையெடுப்பு என்று புராணத்தைக் குறுக்கு விசாரணை செய்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே ஆற்றங்கரை, ஒரு பக்கத்துக் கதையில் அவன் தோற்று ஓடுகிறான், இன்னொரு பக்கத்துக் கதையில் பாவம் நீங்கிப் போகிறான்.

ஆகவே சினாரியோ மூன்றாகப் பிரிந்தது. ஆதித்தனாக ஆடினால் விஜயாலயன். பாண்டியனாக ஆடினால், தோற்றாலும் ஜெயித்தாலும், வரைபடத்தின் கிழக்கு ஓரத்திலிருக்கும் கோயிலின் ஒரு வாசலில் வரகுணனை நுழைத்து மறு வாசலில் வெளியே கொண்டுவரவேண்டும். அப்போதுதான் ஆட்டம் முடியும். அவனுக்குப் பின்னால் ஆயுதமில்லாத ஓர் உருவம் நடந்துகொண்டே இருக்கும், தாக்காது, அதைத் தாக்கவும் முடியாது. இதை மதுரைக்காரனே எழுதிக் கொடுத்தான். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பிருதிவீபதியாக ஆடுவதுதான் கடினம். இந்த வகை விளையாட்டுகளில் நாயகன் செத்தால் ஆட்டம் முடிந்தது, தோல்வி. கங்கன் ஆட்டத்தில் அவன் சாகாமல் வெற்றி கிடையாது. ஆனால் சும்மா சாகவும் முடியாது. அபராஜிதன் உயிரோடு இருக்கவேண்டும், வரகுணனின் யானைகள் கரையிலிருந்து இறங்கியிருக்கவேண்டும், அதற்குப் பிறகு செத்தால்தான் கணக்கு. ஓர் அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இதைப் பத்து தடவைக்கு மேல் ஆடினார். பிருதிவீபதியைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். “எழுதினவன் நீதானடா, ஒரு வழி வெச்சிருக்கக் கூடாதா” என்று போனில் கேட்டார். வைத்திருக்கலாம்தான். ஆனால் அவன் பிழைத்துவிட்டால் அங்கே பள்ளிப்படை இருக்காது. பள்ளிப்படை இல்லாவிட்டால் ஆழ்வார்க்கடியான் ஒளிவதற்கு இடமில்லை.

அப்பா கேட்ட ஆட்களையும் வைத்தேன். ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பன்னிரண்டு பேர். படை வந்தால் திடலுக்கு ஓடுவார்கள், படை நகர்ந்தால் வயலுக்குத் திரும்புவார்கள். ஆட்டக்காரனின் கட்டளைக்குக் கட்டுப்பட மாட்டார்கள். வெற்றிப் பலகை வந்த பிறகு ஆட்டம் உடனே முடியாது, ஐந்து நிமிஷம் ஓடும். அந்த ஐந்து நிமிஷத்தில் இரண்டு டிரிக்கர்கள். ஒன்று, ஆதித்தனும் அபராஜிதனும் நட்பிலிருந்து பகைக்கு மாறுவார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு ஆதித்தன் அபராஜிதனை வென்று அவன் நாட்டை எடுத்துக்கொண்டதைச் சொல்கிறது. கன்னியாகுமரிக் கல்வெட்டோ, யானைமேல் இருந்த பல்லவன் மீது பாய்ந்தேறிக் கொன்றான் என்கிறது. கங்கன் உயிரைக் கொடுத்து உண்மையாக்கிய பெயர் சில வருஷம்தான் தாங்கியது. வரைபடத்தில் அது வெறும் ஒரு வரி: இவன் நிறத்துக்கும் அவன் நிறத்துக்கும் இனி ஆகாது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதற்குள் விளையாட்டை மூடிவிடுகிறார்கள்.

இரண்டாவது டிரிக்கர், ஊர்க்காரர்கள் வயலுக்கு இறங்குவது. மதகு உடையாத ஊர்களில் மட்டும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு அதைக் காட்டினேன். எட்டு ஊரில் ஐந்தில் ஆட்கள் குனிந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்றில் மண் நிறம். அவர் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்த மதகை அடைக்க எத்தினி ஆளு ஆவும்?” என்று கேட்டார். கேமில் அதை அடைக்க முடியாது என்றேன்.

“ஏன், ஆளுதான் இவ்ளோ பேரு சும்மா நிக்கிறானுவளே” என்று படையைக் காட்டினார்.

அந்த டிரிக்கரை இன்னும் எழுதவில்லை. நிபந்தனை எளிது: ஆட்டம் முடிந்தபின் மிஞ்சியிருக்கும் வீரர்களில் இருபது பேரை உடைந்த மதகருகே கொண்டுவந்தால் மதகு திரும்ப வரட்டும். எந்தப் படையின் இருபது பேர் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.